மார்கழிச் சென்னை: வாசகர் கேள்வி – பதில்

இசை விழாவையும் அதையொட்டிய நிகழ்ச்சிகளையும் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: டிசம்பர் பிறந்தால் சென்னையில் மட்டும் இத்தனை கச்சேரிகள் நடப்பதற்குக் காரணம் என்ன? மார்கழி தெய்வ வழிபாட்டுக்குரிய மாதம் என்பதாலா, வேறு வரலாறு உண்டா? (வாசகர், கரூர்)

மார்கழிக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. திருப்பாவையும் திருவெம்பாவையும் விடியற்காலையில் ஓதப்படும் மாதம் அது. மயிலாப்பூர் மாட வீதிகளில், தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் பல்லாண்டுகள் முன்னின்று நடத்திய மார்கழி பஜனையைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பேசுவதுண்டு. ஆயினும் டிக்கெட், மேடை, ஒலிபெருக்கி, மூன்று மணி நேரக் கச்சேரி என்று நாம் இன்று அறிந்திருக்கும் விழாவைத் தொடங்கிவைத்தது கோயில் அல்ல, அரசியல் மாநாடு. 1927 டிசம்பரில் இந்திய தேசிய காங்கிரஸ் சென்னையில் கூடியபோது அதனையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடைபெற்றது. அதன் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. ஆண்டிறுதி விடுமுறையில் நீதிமன்றங்களும் அலுவலகங்களும் ஓய்ந்திருந்ததும், மார்கழியில் திருமணங்கள் நடைபெறாததால் வித்வான்கள் கல்யாணக் கச்சேரிகளின்றி நகரில் கிடைத்ததும், மழை ஓயத் தொடங்கிச் சென்னையில் புழுக்கமின்றி உட்காரக்கூடிய ஒரே பருவம் அது என்பதும் சேர்ந்துகொள்ள, விழா அம்மாதத்திலேயே வேரூன்றிவிட்டது.

அகாடமிக்கு முன்பே சபாக்கள் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. 1932இல் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும், 1943இல் தமிழ் இசைச் சங்கமும் வந்தன. ஒவ்வொன்றும் முந்தையதோடு ஏதோ ஒரு கருத்து வேறுபாட்டிலிருந்தோ, முந்தையது விட்டுவைத்த ஓர் இடத்தை நிரப்பும் விருப்பத்திலிருந்தோ பிறந்தது என்பது என் எண்ணம். இத்தனை சபாக்கள் எதற்கு என்று அலுத்துக்கொள்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 2017இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் இசைக்காகச் சென்னை சேர்க்கப்பட்டபோது அந்தப் பெருமை எந்த ஒரு சபாவுக்கும் தனியாக உரியதாக இருக்கவில்லை.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற என் தந்தையை நான்கு நாட்கள் சென்னைக்கு அழைத்து வர எண்ணுகிறேன். எனக்கு ராகம் தாளம் எதுவும் தெரியாது. அவருக்கு ஓரளவு கேள்வி ஞானம் உண்டு. புகழ்பெற்றவர்களின் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடைப்பதில்லை என்கிறார்கள். எப்படித் திட்டமிடுவது? (வாசகி, திருநெல்வேலி)

பெயர்களை வைத்துத் திட்டமிடாதீர்கள். பேட்டைகளை வைத்துத் திட்டமிடுங்கள். விழாவுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரு பாடகரை மாலை நான்கு மணிக்குத் தியாகராய நகரிலும் இன்னொருவரை ஏழு மணிக்கு மயிலாப்பூரிலும் கேட்டுவிட முயன்று, நடுவில் இரண்டு மணி நேரத்தை ஆட்டோவில் கழித்துவிட்டு, முதல் கச்சேரியின் பிற்பகுதியையும் இரண்டாவதன் முற்பகுதியையும் ஒருசேர இழக்கிறார்கள். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் மயிலாப்பூர், லஸ் பகுதிகளில் போக்குவரத்து மாற்றிவிடப்பட்டிருப்பதால் இந்த ஓட்டம் இப்போது இன்னும் வீண்.

ஒரு நாளை மயிலாப்பூருக்கு ஒதுக்குங்கள். ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், பாரதீய வித்யா பவன் ஆகியவை அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருப்பதால், ஓரிடத்தில் பிடிக்காவிட்டால் எழுந்து அடுத்த இடத்துக்குப் போகலாம். இன்னொரு நாளைத் தியாகராய நகரில் கழிக்கலாம். வாணி மகாலும் கிருஷ்ண கான சபாவும் அங்கே உள்ளன. மூன்றாம் நாள் ஆழ்வார்பேட்டை நாரத கான சபாவும் மியூசிக் அகாடமியும். நான்காம் நாளைத் திருவான்மியூர் கலாக்ஷேத்திராவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் இறுதியில் அங்கு நடைபெறும் கலை விழாவை, கேரளத்துக் கூத்தம்பலத்தின் மாதிரியில் கட்டப்பட்ட அவ்வரங்கத்தில் காண்பது வேறு எங்கும் கிடைக்காத அனுபவம். நாடகத்தன்மை மிகுந்த நாட்டிய நாடகம் என்றால் ராகம் அறியாத உங்களுக்கும் அது எளிதில் வசப்படும்.

டிக்கெட்டைப் பற்றி: மாலை நேரத்து முன்னணிக் கச்சேரிகளுக்குத்தான் நெருக்கடி. பெரும்பாலான சபாக்களில் பகல் கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம். இதை ஏதோ கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசாக நான் சொல்லவில்லை. பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரியில் பாடுபவர் இருபத்தைந்து வயதுக்குட்பட்டவராக இருப்பார். ஆண்டு முழுவதும் தயாரித்ததை ஒன்றரை மணி நேரத்தில் வைக்க வேண்டிய கட்டாயத்தில் இருப்பார். அதனால் பழகிய பாட்டுகளை ஒப்பேற்றும் எண்ணமே அவரிடம் இருக்காது. அரங்கில் பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். முன்வரிசையில் பாடகரின் குருவும் பெற்றோரும் இமைக்காமல் அமர்ந்திருப்பார்கள். மூன்றாம் வரிசையில் ஒருவர் சிறு குறிப்பேட்டில் பாட்டின் பெயர், ராகம், தாளம் ஆகியவற்றை வரிசையாக எழுதிக்கொண்டிருப்பார். உங்கள் தந்தையை அவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பெயர் தெரியாத ராகத்துக்கு இருவரும் சேர்ந்து பெயர் தேடுவதே அவருக்கு நான்கு நாளைக்குப் போதுமான பொழுதுபோக்கு.

அகாடமியில் காலை எட்டு மணியளவில் நடைபெறும் விளக்கவுரைகளையும் விட்டுவிடாதீர்கள். ஒரு ராகத்தின் வரலாறோ, ஒரு வாக்கேயக்காரரின் (பாட்டும் இசையும் இயற்றியவரின்) பாடபேதமோ அங்கு வாய்ப்பாட்டுடன் விளக்கப்படும். வித்வான்கள் ஒருவரையொருவர் மரியாதையாக மறுத்துப் பேசுவதைக் கேட்பதில் தனிச் சுவை உண்டு. சபா கேன்டீன்களுக்குக் கச்சேரி டிக்கெட் தேவைப்படாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இலை போட்டுச் சாப்பிட வேண்டுமானால் கூட்டத்துக்கு முன்னதாகவே போய்விடுங்கள். அரங்குகளின் குளிர்சாதனம் வெளியே இருக்கும் மார்கழியைவிடக் கடுமையானது. தந்தைக்கு ஒரு சால்வை அவசியம்.

கேள்வி: தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அரங்கில் பாதிப்பேர் எழுந்து போகிறார்கள். அது அநாகரிகம் என்கிறார் என் நண்பர். காபி குடிக்க அதுதானே இடைவேளை? (வாசகர், சென்னை)

உங்கள் நண்பர் சொல்வதே சரி. கச்சேரியில் இடைவேளை என்று ஒன்று கிடையாது. தனி ஆவர்த்தனத்தை இடைவேளையாக்கியது கேட்பவர்களின் வழக்கமே. முக்கியப் பாட்டு முடியும் தறுவாயில் பாடகர் ஒதுங்கி, மிருதங்கக்காரருக்கும் அவருடன் இருக்கும் கடம் அல்லது கஞ்சிராக்காரருக்கும் மேடையை விட்டுக்கொடுக்கும் பகுதி அது. இரண்டு மணி நேரம் இன்னொருவரின் பாட்டுக்குத் துணையாக வாசித்து, வேண்டிய இடத்தில் வாசிக்காமல் இருந்தும் காட்டிய ஒருவர், தம் சொந்தக் கற்பனையை வைக்கக் கிடைப்பது அந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்கள்தான்.

எழுந்து போகாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். கையில் தாளத்தைப் போட்டுக்கொண்டே கேளுங்கள். ஆதி தாளமாக இருந்தால் ஒரு தட்டு, சுண்டுவிரல் முதல் மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு இரண்டு முறை தட்டி வீச்சு. இருவரும் மாறி மாறி வாசித்து, ஒவ்வொரு சுற்றிலும் அளவைப் பாதியாக்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஓரிரு சொற்களை மட்டும் எறிந்து பிடிப்பார்கள். அதற்குக் குறைப்பு என்று பெயர். அதன் பின் இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்னும் முடிவுச் சொற்கட்டுகளை வாசித்து, பாட்டு எடுக்கப்பட்ட அதே இடத்தில் பாடகர் கையில் திருப்பிக் கொடுப்பார்கள். தாளம் போட்டுக்கொண்டிருந்தவருக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். கேன்டீனிலிருந்து வாய் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைபவருக்கு அது வெறும் கைதட்டல் சத்தமாகக் கேட்கும்.

அவசரம் இருந்தால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் எழுந்து போகலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மங்களம் பாடும்போது செருப்பைத் தேடுவதும் கைபேசியை உயர்த்திப் பிடித்து முழுப் பல்லவியையும் பதிவு செய்வதும், தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போவதைப் போன்ற அநாகரிகங்களே.

கேள்வி: மார்கழி விழா ஒரு சாராருக்கே உரியது; மக்கள் கலைகளுக்கு அதில் இடமில்லை என்ற குற்றச்சாட்டு ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. தங்கள் கருத்து என்ன? (வாசகர், விழுப்புரம்)

குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அதை மழுப்புவதால் இசைக்கு நன்மை எதுவும் விளையாது. இன்று சபா மேடைகளில் ஒலிக்கும் இசையையும் ஆடப்படும் நாட்டியத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களில் பெரும்பகுதியினர், கோயில் இசையையும் நாட்டியத்தையும் தொழிலாகக் கொண்டிருந்த இசை வேளாளர் மரபைச் சேர்ந்தவர்கள். வீணை தனம்மாளின் பேத்தியான நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு 1973இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் வழங்கப்பட்டதும், நாகஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998இல் வழங்கப்பட்டதும் பெருமைக்குரிய நிகழ்வுகளே. அதே வேளையில், தவிலும் நாகஸ்வரமும் விழாவின் தொடக்க நாளில் மங்கல ஒலிக்காக அழைக்கப்பட்டு, பிரதான மாலை நேரத்தில் அரிதாகவே இடம்பெறுவதைக் காண்பவர் எவரும், மரியாதை வேறு, இடம் கொடுப்பது வேறு என்பதை உணர்வார்கள்.

இதற்கு எதிர்வினைகள் சபாக்களுக்கு வெளியிலிருந்து வந்தன. 2007இல் சென்னை சங்கமம் என்னும் கலை விழா தொடங்கியபோது, பறையாட்டம், கரகம், ஒயிலாட்டம், பொய்க்கால் குதிரை, தெருக்கூத்து ஆகியவை பூங்காக்களுக்கும் தெருமுனைகளுக்கும் வந்தன. இடையில் சில ஆண்டுகள் நின்றுபோன அவ்விழா 2023இல் ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரில் மீண்டும் நடத்தப்பட்டது. 2015இல் பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவக் குடியிருப்பில், கர்நாடக இசையும் பறையும் வில்லுப்பாட்டும் ஒரே மேடையில் ஒலிக்கத் தொடங்கின. 2020 டிசம்பரில் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது, கானாவும் ஒப்பாரியும் பறையும் டிசம்பர் மாதத்துக்கே உரிய மேடையைக் கேட்டு வாங்கிக்கொண்டன. அம்மாதத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே அவ்விழாவின் கேள்வி அடங்கியிருக்கிறது.

ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைக் கொள்ள வேண்டும் என்று நான் கருதவில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே ரசிகர் போக வேண்டும் என்று கருதுகிறேன். நிரவலுக்கு, அதாவது பாட்டின் ஒரு வரியைப் பலவாறு விரித்துப் பாடுவதற்கு, தலையாட்டும் செவி, பறையில் வலக்கைக் குச்சியும் இடக்கைக் குச்சியும் பேசிக்கொள்வதையும் கேட்கக் கற்றுக்கொண்டால், தாளக் கணக்கு எல்லாக் கொட்டுகளிலும் கணக்குத்தான் என்பது தெரியும். விழுப்புரத்தைச் சேர்ந்த தாங்கள் விடிய விடிய நடக்கும் கூத்தைப் பார்த்தவராக இருப்பீர்கள். சென்னையில் முக்கால் மணி நேரத்துக்குச் சுருக்கிக் காட்டப்படும் கூத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது மாதிரித் துண்டு மட்டுமே.

கேள்வி: முழுக்கத் தமிழ்ப் பாடல்களையே கேட்க விரும்புகிறேன். எங்கே போவது? (வாசகி, ஈரோடு)

பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கத்தின் விழா டிசம்பர் இறுதியில் நடைபெறும். கச்சேரியில் தமிழ்ப் பாட்டுகள் கடைசியில் பாடும் சிறு துக்கடாக்களாக ஒதுக்கப்பட்ட நிலையை எதிர்த்து, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் எழுந்த சங்கம் அது. பண் (பழந்தமிழ் ராகம்) ஆராய்ச்சிக் கூட்டமும் அங்கு நடக்கும். ஓதுவார்கள் தேவாரத்தைப் பண்ணோடு பாடிக் காட்ட, ஒரே பதிகத்தை வெவ்வேறு ஊர்களில் எப்படிப் பாடுகிறார்கள் என்று அறிஞர்கள் வாதிடுவார்கள். அதை ஒரு காலைப்பொழுதேனும் கேளுங்கள்.

மற்ற சபாக்களிலும் நிலைமை முன்போல் இல்லை. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய மூவரின் பாடல்களையும், கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளையும் விரிவாக எடுத்துப் பாடும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள்.

கேள்வி: குழந்தைகளைப் புத்தகக் காட்சிக்கு எந்த நாளில் அழைத்துச் செல்லலாம்? (வாசகர், செங்கல்பட்டு)

பொங்கல் விடுமுறையைத் தவிர்த்த எந்த வேலை நாளிலும். 1977 முதல் பபாசி என்னும் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கம் நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சி, அண்மைக்காலமாக நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் டிசம்பர் இறுதியிலோ ஜனவரித் தொடக்கத்திலோ ஆரம்பமாகிறது. நந்தனம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நிறுத்துமிடம் தேடும் தொல்லை இல்லை. குழந்தைகளிடம் ஆளுக்கு ஒரு தொகையைக் கொடுத்து, அவர்களே எடுத்துப் புரட்டி வாங்கட்டும் என்று விட்டுவிடுங்கள்; நீங்கள் தேர்ந்தெடுத்துத் தரும் பொது அறிவுப் புத்தகம் அடுத்த ஆண்டுவரை பிரிக்கப்படாமலே இருக்கும். பத்து சதவீதத் தள்ளுபடி வழக்கமாகவே உண்டு. அதற்கு மேல் பேரம் பேச வேண்டாம்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் எண்பது வீடுகள் உள்ளன. இவ்வாண்டு மார்கழியில் நாங்களே ஒரு சிறு விழா நடத்த நினைக்கிறோம். விடியற்காலையில் திருப்பாவை ஒலிபரப்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் கோலப்போட்டி, கடைசியில் ஒரு பெரிய பாடகரின் கச்சேரி என்பது திட்டம். ஆலோசனை கூறவும். (குடியிருப்போர் சங்கச் செயலாளர், தாம்பரம்)

முதலாவதைக் கைவிடுங்கள். ஒலி மாசு தொடர்பான 2000ஆம் ஆண்டின் விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்க, இரவுப் பணி முடித்து வந்து படுத்தவரும் கைக்குழந்தையை அப்போதுதான் உறங்க வைத்த தாயும் எண்பது வீடுகளில் இருக்கத்தான் செய்வார்கள். பாவை பாடியவர்கள் தோழியரை வீடு வீடாகச் சென்று தங்கள் குரலால் எழுப்பினார்கள். பத்துப் பெண்களும் சில சிறுவர்களும் ஜால்ராவோடு வளாகத்தைச் சுற்றிவந்தால் அதுவே போதும். முப்பது பாசுரங்கள், நாளுக்கு ஒன்று; தை பிறப்பதற்குள் குழந்தைகளுக்கு அவை மனப்பாடமாகிவிடும்.

கோலப்போட்டியில் பரிசைவிட விதியே முக்கியம். புள்ளிக் கோலத்துக்கும் இழைக் கோலத்துக்கும் வண்ணக் கோலத்துக்கும் தனித்தனிப் பிரிவு வையுங்கள். ஒன்றாக வைத்தால் வண்ணம் எப்போதும் வென்றுவிடும், இருபத்தொரு புள்ளிச் சிக்குக் கோலத்தைக் கையெடுக்காமல் முடித்த பாட்டி வெறுங்கையோடு திரும்புவார். இடத்தின் அளவையும் நேரத்தையும் முதலிலேயே அறிவித்துவிட்டால் சச்சரவு பாதியாகக் குறையும்.

பெரிய பாடகரை அழைக்கும் எண்ணத்தை மறுபரிசீலனை செய்யுங்கள். விழா நாட்களில் அவர் ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்கு ஓடிக்கொண்டிருப்பார்; உங்கள் நிதியில் பெரும்பகுதி அந்த ஒரு மாலைக்கே போய்விடும். அதே தொகையில் மூன்று மாலைகளை நடத்தலாம்: ஒன்றில் பகல் கச்சேரிகளில் பாடும் இளைஞர் ஒருவர், மற்றொன்றில் வில்லுப்பாட்டு, மூன்றாவதில் நாகஸ்வரம். நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் திறந்த முற்றத்தில் மைக் வேண்டாம் என்பதால் ஒலி அமைப்புச் செலவும் மிச்சம். வயலின், மிருதங்கக்காரர்களுக்குரிய சன்மானத்தைப் பாடகரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாமல், ஒவ்வொருவர் தொகையையும் முன்கூட்டியே பேசி, கச்சேரி முடிந்த அன்றே அவரவர் கையில் சேர்த்துவிடுங்கள். ‘வாய்ப்புத் தருகிறோம், சன்மானம் இல்லை’ என்று இளைஞர்களிடம் சொல்வது நகரின் சில மேடைகளில் நடப்பதுதான். எண்பது வீடுகள் சேர்ந்து நடத்தும் விழாவில் அதற்கு அவசியமே இல்லை.

மழை வந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் பெய்யும். பந்தலை நம்பாமல், கார் நிறுத்தும் தளத்தில் ஒரு பகுதியை அன்று மாலை மட்டும் காலி செய்து தருமாறு வாகன உரிமையாளர்களிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூரை தாழ்வான அவ்விடத்தில் தவிலின் சத்தம் காதைப் பிளக்கும் என்பதால், மழை நாளுக்கு வில்லுப்பாட்டை மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.